இரண்டு பக்கமிருந்தும் ஏறிய குன்று

நான் கொட்டாரத்துக்காரி. வயல் பார்த்து வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் ஓர் ஊர் என்றால் அது முழுதாகக் கண்ணில் விழும். ஒரு குளம், கரையை ஒட்டி நெருக்கமாக நாலைந்து தெரு, சுற்றிலும் வயல். சுகாதார செவிலியராக வேலையில் சேர்ந்து பல வருஷங்கள் அந்தப் பகுதியிலேயே ஓடின. போலியோ சொட்டு மருந்துக்காக வீடு வீடாகப் போகும் நாட்களில், தெருவின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வரும்போது வேலை முடிந்திருக்கும். கதவுகள் எதிரெதிரே. ஒரு வீட்டில் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொன்னால், எதிர்வீட்டுப் பிள்ளை அதற்குள் அழ ஆரம்பிக்கும். அடுத்து எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பிறகு களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. அதே மாவட்டம்தான், ஆனால் நிலம் வேறு. மேற்கே போகப் போகத் தட்டையான இடம் என்பதே இல்லை. ஏற்றம், இறக்கம், ரப்பர் மரங்கள், நடுவே ஒரு தோடு, மறுபடியும் ஏற்றம். ஓடையை அங்கே தோடு என்பார்கள். தெரு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வீடும் அதனதன் விளை என்கிற தோட்டத்துக்குள், தென்னையும் மரச்சீனி என்கிற மரவள்ளியும் சூழ, மண்ணில் படி வெட்டி ஏறவேண்டிய மேட்டில் தனியாக நிற்கும். ஒரு வீட்டு முற்றத்தில் நின்றால் அடுத்த வீட்டுக் கூரை காலுக்குக் கீழே தெரியும். அங்கே போய்ச் சேர இறங்கிச் சுற்றி ஏறவேண்டும். கொட்டாரத்தில் காலைப்பொழுதில் முடிகிற வேலைக்கு இங்கே நாள் முழுதும் போதாது. வந்த முதல் வாரமே செருப்பை மாற்றினேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எங்கள் பகுதியின் வரைபடம் ஒன்று இருந்தது. யாரோ பொறுமையாகக் கையால் வரைந்து வண்ணம் தீட்டியது. மேற்கு ஓரத்தில் கேரள எல்லை புள்ளிக்கோடாக ஓடியது. அதற்கு அப்பால் தாள் வெறுமையாக இருந்தது. கோட்டை ஒட்டி இந்தப் பக்கம் ஒரு குன்று. குன்று முழுக்கப் பச்சை வண்ணம். வீடு ஒன்றுகூடப் போடவில்லை.

புதிதாக வந்தவள் என்பதால் கேட்டேன். “அங்க ஆள் கிடையாது சிஸ்டர், ரப்பர் மட்டும்தான்” என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து அந்தக் குன்றுக்குச் சாலை இல்லை. நடுவில் தோடு குறுக்கிட்டது. குன்றின் மேலே போகிற ஒரே ஜீப் வழி கேரளத்திலிருந்து ஏறியது. சாலை போகாத இடத்தில் ஆள் இருக்க மாட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அங்கே நான் நடத்திய முதல் முகாம் ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை. சொட்டு மருந்து எப்போதும் ஞாயிறுதான் என்பதால், அன்றைக்கு எனக்குச் சபை ஆராதனை கிடையாது. கல்யாணமான புதிதில் மாமியார் இதற்கு முகம் சுளித்ததுண்டு. பிறகு பழகிவிட்டது. “இண்ணைக்கு ஒனக்கு பஸ் ஸ்டாண்டுதான் கோயிலு” என்று சொல்லி காலை ஆறு மணிக்கே சாயா போட்டுத் தருவார்.

பேருந்து நிலையத்தில் நிழலான ஓரத்தில் மேசை போட்டோம். கூட இருந்தவர் அந்தப் பகுதி அங்கன்வாடி டீச்சர். நாற்பது தாண்டியவர், உள்ளூர்க்காரி, குரல் பஸ் ஹாரனுக்கு மேலே கேட்கும். கைப்பெட்டி மாதிரியான கேரியருக்குள் ஐஸ் பேக், அதன் நடுவே மருந்துக் குப்பிகள். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பிள்ளையின் இடது சுண்டுவிரலைப் பார்ப்போம். மையிருந்தால் விடுவோம். இல்லாவிட்டால் இரண்டு சொட்டு விட்டு மை வைப்போம்.

“இப்பவும் போலியோ உண்டா சிஸ்டர்? அதான் ஒழிச்சாச்சுன்னு சொன்னாவளே” என்று கேட்பவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருப்பார்கள். அன்றைக்குக் கேட்டவர் மூட்டை தைக்கும் சாக்குக் கடைக்காரர்.

“நம்ம நாட்டுல ஒழிச்சாச்சு அண்ணாச்சி. வேற நாட்டுல இன்னும் இருக்கு. உங்க கடைக்கு எங்கேயிருந்தெல்லாம் லாரி வருது?”

அவர் ஊர்களை அடுக்கிக்கொண்டே போனார். பாதியில் தானே நிறுத்தி, சிரித்துவிட்டு, பேரனைக் கூட்டிவரப் போனார். பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்தச் சந்தையில் நின்றால் இதைப் புரியவைக்க வேறு விளக்கம் தேவையில்லை. மீன் ஒரு திசையிலிருந்து வரும், வாழைக்குலை இன்னொரு திசையிலிருந்து வரும். ஆள் எல்லாத் திசையிலிருந்தும் வருவார்கள்.

பத்து மணி வாக்கில் ஒரு பெண் பஸ்ஸுக்காக வந்து நின்றாள். சிறு வயது. இடுப்பில் இரண்டு வயது மதிக்கத்தக்க பெண்குழந்தை. முகச்சாயலே வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவள் என்று சொன்னது. டீச்சர் குழந்தையின் விரலைப் பிடித்துப் பார்த்தார். மை இல்லை. வாயைத் திறந்து இரண்டு சொட்டு விட்டேன். குழந்தை முகத்தைச் சுளித்துவிட்டு அமைதியாகிவிட்டது.

“எங்க இருக்கிய?” என்று கேட்டேன்.

அவள் மலையாளமும் தமிழும் கலந்து பேசினாள். “அவிடெ. குன்னு மேல. ரப்பர் வெட்டு.”

“எந்தக் குன்னு?”

கையை நீட்டிக் காட்டினாள். அந்தத் திசையில்தான் அந்தப் பச்சைக் குன்று இருந்தது.

“இதுக்கு முந்தி பிள்ளைக்கு சொட்டு மருந்து குடுத்திருக்கா?”

“ஊர்ல குடுத்தது. இவிடெ இல்ல. இவிடெ யாரும் வந்தில்ல.”

“அங்க வேற பிள்ளைகள் உண்டா?”

“நெறய உண்டு.”

பஸ் வந்துவிட்டது. மருந்து வாங்கப் போவதாகவும் உடனே திரும்பவேண்டும் என்றும் சொல்லி ஏறிப்போனாள். டீச்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“அங்க ஷெட்டு இருக்குன்னு எனக்கும் தெரியாது சிஸ்டர். எங்க அப்பாவுக்க காலத்துல அது வெறும் காடு” என்றார் டீச்சர்.

பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் மேற்கே நடந்தால் கேரளம். அங்கேயும் அன்று அதே முகாம்தான், அதே மாதிரி மேசை, அதே மாதிரி பெட்டி. டீச்சரை மேசையில் விட்டுவிட்டு நடந்து போனேன். அங்கே பொறுப்பிலிருந்த நர்ஸ் என் வயதுக்காரி, கண்ணாடி போட்டவர். யாரென்று சொல்லிக் குன்றைப் பற்றிக் கேட்டேன்.

“அது உங்க பக்கம் அல்லே சிஸ்டரே?” என்றார்.

“நாங்க அது உங்க பக்கம்னு இருந்தோம். சாலை உங்க பக்கத்திலிருந்துல்ல போகுது.”

“சாலை எங்கட. ஆனா கரண்டு கம்பி உங்கட. மழையில கம்பி அறுந்தா உங்க ஆள்தான் வந்து கெட்டும்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்போ ரெண்டு பேரும் போயில்ல, இல்லே?”

நான் தலையசைத்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சங்கடத்தில் வந்த சிரிப்பு. அது சீக்கிரம் அடங்கியது.

அங்கேயே நின்று எங்கள் மெடிக்கல் ஆபீசரைப் போனில் கூப்பிட்டேன். சின்ன வயசு டாக்டர், எதையும் தள்ளிப்போடாதவர். செல்போனில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, குன்று சரியாகக் கோட்டின் மேலேயே விழுகிறது என்றார். “எந்தப் பக்கம்ங்கிறதை நாங்க உட்கார்ந்து பேசிக்கிறோம். நீங்க முதல்ல பிள்ளைகளைப் பாருங்க சிஸ்டர்.”

மறுநாள் திங்கட்கிழமை வீடு வீடாகப் போகிற நாள். கேரள நர்ஸ் ஜீப்பில் சாலை வழியாக மேற்கிலிருந்து ஏறுவது, நாங்கள் தோட்டைத் தாண்டிக் கிழக்கிலிருந்து ஏறுவது, மேலே சந்திப்பது என்று முடிவு செய்தோம். நானும் ஜீப்பிலேயே போயிருக்கலாம்தான். ஆனால் எங்கள் சரிவிலும் யாராவது இருக்கிறார்களா என்று தெரியவேண்டுமே. ஒரு பக்கமாக ஏறி அதே பக்கமாக இறங்கினால், மறுசரிவில் இருப்பவர்கள் திரும்பவும் விட்டுப்போவார்கள். போகும் நேரத்தையும் பேசி வைத்தோம். ரப்பர் வெட்டுகிறவர்கள் வெளுக்குமுன்னே போய்விடுவார்கள். பால் எடுத்து ஊற்றி முடிய உச்சிவேளை ஆகும். அதற்குப் பிறகு போனால்தான் தாய்மார்கள் ஷெட்டில் இருப்பார்கள்.

ஞாயிறு சாயங்காலம் இடியோடு கோடைமழை கொட்டியது.

திங்கள் மதியம் தோட்டின் கரைக்குப் போனபோது தண்ணீர் கலங்கி, முழங்காலுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு தென்னந்தடி கிடந்தது. அதுதான் பாலம். ஒரு முனை மண்ணிலிருந்து பெயர்ந்து ஆடியது.

“தடியில போவாண்டாம் சிஸ்டர். வெள்ளத்துல இறங்கியே போவோம்” என்றார் டீச்சர்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். கேரியர் பெட்டி என் தலையில். கை பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்தோம். நடுவில் டீச்சருக்குக் கால் வழுக்கியது. இடுப்பு வரை முங்கி, என் கையை விட்டுவிட்டு அங்கிருந்த பாறையைப் பற்றிக்கொண்டார்.

“பெட்டிய பிடிங்க சிஸ்டர். என்னைய விடுங்க. நான் எந்திச்சிருவேன்.”

எழுந்தும் விட்டார். அக்கரையில் ஏறி முந்தானையைப் பிழிந்துகொண்டே, “நல்லவேளை, புதுச் சேலைய உடுக்கல” என்றார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸ் கெட்டியாக இருந்தது. குப்பியின் மேல் வட்டத்துக்குள் இருக்கும் சின்னச் சதுரம் வெள்ளையாகவே இருந்தது. வெப்பம் பட்டால் அது கறுத்துவிடும். மருந்து கெடவில்லை.

எங்கள் சரிவைப் பற்றி நினைத்தது சரியாகவே இருந்தது. பாதி ஏற்றத்தில் ரப்பருக்கு நடுவே ஒரு குடிசை. அங்கே ஒரு குடும்பம் தேனீப்பெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. எந்தச் சாலையிலிருந்து பார்த்தாலும் அந்த வீடு தெரியாது. குழந்தைக்குச் சொட்டு விட்டு, கதவுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு மேலே ஏறினோம்.

குன்றின் முதுகில் தகரக் கூரை போட்ட நீளமான ஷெட்டுகள். கயிற்றில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் புளித்த வாடை தூரத்திலேயே வந்தது. கேரள நர்ஸும் அவருடைய ஆஷா பணியாளரும் முந்தியே வந்திருந்தார்கள். ஆனால் ஜீப் வாசலிலேயே நின்றது. தோட்டத்து மேஸ்திரி வழியை மறித்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், தோளில் துண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்ததைக் கண்டதும் அவர் முகம் இன்னும் இறுகியது.

“இது என்ன சிஸ்டரே, ரெண்டு ஸ்டேட்டும் சேர்ந்து வருது. இஞ்ச என்ன நடந்து போச்சு?”

“ஒண்ணும் நடக்கல. பிள்ளைகளுக்கு சொட்டு மருந்து குடுக்க வந்தோம்.”

“மொதலாளி இல்லாம ஒருத்தரையும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நாளைக்கு ஆதார் கேப்பிய, மறுநாள் லேபர் ஆபீசர் வருவாரு. எனக்க பொழப்பு போவும்.”

அவர் பயந்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. பயந்தவரிடம் சட்டம் பேசினால் காரியம் நடக்காது. பெட்டியைக் கீழே வைத்துத் திறந்து காட்டினேன்.

“பாருங்க. இதுல இருக்கிறது ஐஸும் மருந்தும் மட்டும்தான். யாருக்க பேரும் கேக்க மாட்டேன், ஆதாரும் கேக்க மாட்டேன். எந்த ஊர்ன்னும் கேக்க மாட்டேன். வாயைத் தொறந்தா ரெண்டு சொட்டு, விரல்ல மை. நீங்க கூடவே நில்லுங்க. நான் வேற எதாவது கேட்டா அப்பமே என்னை வெளியே அனுப்புங்க.”

“உங்களுக்கு பேரப்பிள்ளை உண்டா?” என்று டீச்சர் நடுவில் புகுந்தார்.

“ஒரு பேத்தி உண்டு.”

“அவளுக்கு குடுத்தாச்சா?”

“நேத்தே குடுத்தாச்சு.”

“பின்ன இவியளுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?”

மேஸ்திரி துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். சற்று நேரத்தில் அவரே ஷெட்டுகளின் கதவைத் தட்டி, அவர்களுடைய மொழியில் தனக்குத் தெரிந்த அரைகுறை வார்த்தைகளைச் சொல்லிப் பிள்ளைகளை வெளியே வரச்சொன்னார்.

பிள்ளைகள் வந்தார்கள். நாங்கள் நினைத்ததைவிட நிறையப் பேர். சிலர் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஓடினார்கள். டீச்சர் ஈரச் சேலையோடு “ஏட்டி, நில்லு. ஏலே மக்கா, இது இனிக்கும்” என்று கத்திக்கொண்டே துரத்தினார். அவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டே பிடிபட்டார்கள்.

ஒரு பையன் மட்டும் ஓடவில்லை. நாலு வயது இருக்கும். ஷெட்டின் வாசற்படியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நின்றவள் முந்தினநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்த அதே பெண். அவன் அவளுடைய மூத்த மகன்.

“இவன் ஏன் ஓடல?” என்று கேட்டேன்.

“கால் வய்யா. பனி வந்நு. பின்னெ கால் வய்யா.” காய்ச்சல் வந்ததாம், அது விட்ட பிறகு கால் முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அவள் வாங்கப் போன மருந்து இவனுக்குத்தான். கடைக்காரர் வலிக்கு ஏதோ கொடுத்திருந்தார்.

உட்கார்ந்து அவனுடைய இடது காலைக் கையில் எடுத்தேன். கனமாக, ஒரு துணிப்பொதி மாதிரி என் உள்ளங்கையில் இருந்தது. முழங்காலை மடக்கினேன், எதிர்ப்பே இல்லை. விட்டேன். அப்படியே விழுந்தது. உள்ளங்காலில் விரலால் கீறினேன். அவனுக்குக் கூசியது, சிரித்தான். ஆனால் காலை இழுத்துக்கொள்ள அவனால் முடியவில்லை.

இந்தக் காலைப் பற்றி வருஷா வருஷம் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன். திடீரென்று கால் தளர்ந்த பிள்ளை எங்கே இருந்தாலும் உடனே சொல்லவேண்டும், போலியோவா இல்லையா என்று பரிசோதனைதான் முடிவு செய்யவேண்டும், நாம் முடிவு செய்யக்கூடாது. கேட்டதோடு சரி, கண்ணால் கண்டதில்லை. நிமிர்ந்தபோது கேரள நர்ஸ் எனக்கு எதிரே நின்றிருந்தார். அவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் அந்தச் சொல்லை அங்கே சொல்லவில்லை.

அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸைக் களியக்காவிளைக்கு அனுப்புவதாகவும், நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி வைப்பதாகவும் சொன்னார். தோட்டு வழியாகப் பையனைக் கொண்டுபோக முடியாது. கேரள நர்ஸ் ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

தாய் தயங்கினாள். கணவன் அடுத்த தோட்டத்தில் இருந்தான். அவளும் வேலைக்கு வராவிட்டால் அவர்களுக்கென்று விட்ட மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். மேஸ்திரியைப் பார்த்தாள்.

“மரம் எங்கேயும் ஓடிப் போவாது. இஞ்சதான் நிக்கும். நான் பாத்துக்கிடுதேன். நீ பிள்ளைய கொண்டு போ” என்றார் அவர். சொன்னதோடு நிற்காமல், குனிந்து பையனைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

மீதி ஷெட்டுகளை டீச்சரும் ஆஷா பணியாளரும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஜீப் கேரளச் சாலை வழியாக இறங்கி, பெரிய வட்டமடித்து, களியக்காவிளையில் காத்திருந்த ஆம்புலன்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பையனுக்கு ஜீப் பயணம் பிடித்திருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் சிரித்தான். அவனுடைய அம்மாவின் கை என் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பையனைப் பார்த்தார்கள். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்து, ஐஸில் வைத்து பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள்.

அந்த இடைப்பட்ட நாட்களை நான் மறக்கமாட்டேன். செய்தி நான் குன்றை விட்டு இறங்குவதற்கு முன்பே சந்தைக்குள் போய்விட்டது. “போலியோ வந்துட்டாமே சிஸ்டர்” என்று காய்கறிக் கடையில் கேட்டார்கள். பஸ்ஸில் கேட்டார்கள். சபையில், ஜெபம் முடிந்த கையோடு, பின்வரிசைப் பெண்கள் திரும்பிக் கேட்டார்கள்.

“வந்துச்சா இல்லையான்னு சொல்ல ஆள் இருக்கு. உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை குடுத்தியளா? அதைச் சொல்லுங்க” என்று திருப்பிக் கேட்டேன். தவறவிட்டவர்கள் அந்த வாரமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் டாக்டரும் கேரளப் பக்கத்து டாக்டரும் பேசிக்கொண்டு, குன்றைச் சுற்றி இரண்டு மாநிலத்திலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திரும்ப ஒரு முறை மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். மறுபடியும் நாங்கள் கிழக்கிலிருந்து ஏறினோம், அவர்கள் மேற்கிலிருந்து ஏறினார்கள். இந்தத் தடவை தோட்டில் வெள்ளம் கணுக்காலுக்குத்தான் இருந்தது. டீச்சர் பழைய சேலையைத்தான் உடுத்து வந்திருந்தார்.

வேலை ஒழிந்த நாட்களில் நாகர்கோவிலுக்குப் போய்ப் பையனைப் பார்த்தேன். அம்மா சின்னவளோடு வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருந்தாள். அவளும் நானும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். ஒருநாள் கேட்டாள்: “இவன் நடக்குமோ?”

தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. “டாக்டர் நல்லா பாக்காங்க. நானும் வந்துட்டே இருப்பேன்” என்றேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தமுறை நான் போனபோது வார்டு நர்ஸிடம், “எங்கட சிஸ்டர்” என்று என்னைக் காட்டினாள்.

முடிவு வந்த அன்று நான் ஒரு வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். டாக்டர் போனில் கூப்பிட்டார். எப்போதும் அவசரமாகப் பேசுகிறவர் அன்றைக்கு நிதானமாகச் சொன்னார். “போலியோ கிருமி இல்லை சிஸ்டர். ரெண்டு மாதிரியிலும் இல்லை.” நரம்பில் ஏற்பட்ட வேறொரு அழற்சி, பெரும்பாலும் காய்ச்சலைத் தொடர்ந்து வந்தது, பயிற்சி கொடுத்தால் கால் தேறும் என்றார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரி பதறி வெளியே வந்து, “என்ன சிஸ்டர், தலை சுத்துதா?” என்று தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன். அழுகையும் வந்தது, பசியும் வந்தது.

பையன் தேறினான். முதலில் கட்டிலைப் பிடித்து நின்றான். பிறகு சுவரைப் பிடித்து நடந்தான். மழைக்காலம் முடிந்து நான் குன்றுக்குப் போனபோது, லேசாக ஒரு பக்கம் சாய்ந்தபடி, ஆனால் யார் கையையும் பிடிக்காமல், என்னைக் கண்டதும் ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒளிந்தான். வாயைத் திறக்கச் சொல்வேன் என்று பயம். அந்த ஓட்டத்தைப் பார்த்து அவன் அம்மா சிரித்த மாதிரி அவள் அதற்கு முன் சிரித்து நான் பார்த்ததில்லை.

அளந்து பார்த்ததில் ஷெட்டுகள் எங்கள் பக்கம்தான் என்று தெரிந்தது. ஆனாலும் கேரள நர்ஸ் அடுத்த முகாமிலும் ஜீப்போடு வந்தார். யாரும் உத்தரவு போட்டு நடந்ததில்லை. சாலை அவர்களுடையது, ஆட்கள் எங்களுடையவர்கள், இரண்டையும் சேர்த்தால்தான் வேலை நடக்கும் என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்தோம். இந்த முறை எல்லைக்கோட்டுக்கு அப்பாலும் தாளை வெறுமையாக விடவில்லை. அவர்களுடைய சாலையையும் கடைகள் இருக்கும் முக்கையும் போட்டோம்.

இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கிருமியை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் நிலத்தைத்தான். எங்கே ஏறவேண்டும், எங்கே இறங்கவேண்டும், எந்த இடம் யார் கண்ணிலும் படாமல் நடுவில் கிடக்கிறது என்பதைத்தான். அதைச் சரியாகப் பார்த்துவிட்டால் மிச்சம் இரண்டு சொட்டு மருந்துதான்.

போன வருஷம் எனக்குக் கடற்கரைக்கு மாற்றல் வந்தது. வட்டக்கோட்டைக்கு அந்தப் பக்கம். மேடு பள்ளம் இல்லை, வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. எளிதான இடம் என்று கூட வேலை பார்த்தவர்கள் வாழ்த்தி அனுப்பினார்கள். முதல் வாரமே கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றேன்.

“இந்த வரிசையில ரெண்டு மூணு வீடு பூட்டிக் கிடக்கே. ஆள் எங்க?”

“அவிய கொல்லத்துல தங்கி தொழில் பாக்காவ. பிள்ளைகளயும் கூட்டிட்டுப் போயாச்சு. மீன் இருக்கும் மட்டும் அங்கதான்.”

“கொல்லத்துல எந்த ஹார்பர்?”

அவள் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அதை எதுக்கு சிஸ்டர் கேக்கிய?”

“சொல்லுங்க. அங்க உள்ள சிஸ்டர்கிட்ட நான் பேசணும்” என்று சொல்லி, அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.